கடல்ல நீதான் மாப்ளே பனைமரம்

வா மாப்ளே, வா. அந்த வலை மேல உக்காராத, பேண்ட்டு நாறிப்போயிரும், அப்புறம் என் தங்கச்சி என்னையத்தான் ஏசுவா. இந்தா, இந்தப் பலகையில உக்காரு.

கேள்விப்பட்டேன். மெட்ராசுல கம்ப்யூட்டர் தட்டுற மருமகன் பாய்ப்படகு வாங்கித் தொண்டிக்கே கொண்டாந்துட்டாருன்னு ஊரு முச்சூடும் பேச்சு. நானும் நேத்துப் போய்ப் பாத்துட்டு வந்தேன். இருபத்தெட்டு அடி நீளம், பைபர் உடம்பு, வானத்தைக் குத்துற மாதிரி அலுமினியப் பாய்மரம். உள்ள கட்டிலு, அடுப்பு, கக்கூசு. நாங்க அம்பது வருசமாக் கடலுக்குப் போறோம், எங்க வத்தையில கக்கூசு நாலு பக்கமும் இருந்துச்சு. இருக்கட்டும். காசு உன்னுது, கடல் எல்லாருக்கும் பொது.

நாளைக்குத் தொண்டியில இருந்து பாம்பன் வரைக்கும் தன்னந்தனியாப் பாய் விரிச்சுப் போறேன்னு சொன்னியாம். போ. யாரு வேண்டாம்னா? ஆனா புரட்டாசி பொறந்துருச்சு, சாயங்காலமானா மேக்க வெட்டுது. "மாமா, இடி மின்னலுக்கு என்ன செய்யுறது"ன்னு நீயா வந்து கேட்ட பாரு, அதுலயே உனக்கு ஆயுசு கெட்டின்னு தெரியுது. கேக்காமப் போனவனைப் பத்தி ஊர்ல கதை நிறைய இருக்கு. அதைக் கடைசியிலே சொல்றேன். மொதல்ல மாமன் மொறைக்கு நாலு கேலி பண்ணிக்கிறேன். தாய்மாமன் கேலி பண்ணலைன்னா மருமகனுக்கு என்ன மதிப்பு?

எங்க அப்பத்தா இடி இடிச்சா "அர்ச்சுனா, அர்ச்சுனா"ன்னு சொல்லும். சொன்னா நம்ம மேல விழாதாம். கூடவே அரிவாமனையைத் தூக்கி முத்தத்துல எறியும், இரும்புல இடி இறங்கிருமாம். அது எண்பத்தேழு வயசு வரைக்கும் இருந்துச்சு, ஒரு இடியும் விழலை. மந்திரம் பலிச்சிருச்சுன்னு நினைக்காத மாப்ளே. அப்பத்தா அர்ச்சுனனைக் கூப்புட்டது வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு. அதான் சங்கதி. நடுக்கடல்ல நின்னு கூப்புட்டா அர்ச்சுனன் வர மாட்டாரு, அவரு விட்ட அம்பு வேணா வரும்.

நம்ம சீமையில மொட்டைப் பனை பாத்திருப்ப. ஓலையெல்லாம் கருகி, தலையில்லாம, திருட்டுமுழி முழிச்சுக்கிட்டு நிக்கும். இடி வாங்குன பனை. அந்தப் பனை வாங்குனதாலதான் கீழ ஆடு மேய்ச்சவன் தப்பிச்சான். ஒடிசாவுல அரசாங்கமே இடிக்குன்னு பனங்கொட்டை நடுறாங்கன்னு என் பேத்தி போன்ல வாசிச்சுக் காட்டுனா. நான் சொல்ற பெரிய விசயமெல்லாம் அவ வாசிச்சது மாப்ளே. கேட்டுக்கிட்டு, நாலு நாள் கழிச்சு நானே கண்டுபிடிச்ச மாதிரி எடுத்து விடுவேன். வயசானவன் பொழப்பு வேற எப்படி ஓடுறது?

இப்பக் கேளு. கரையில பனை இருக்கு, கோபுரம் இருக்கு, போன் டவர் இருக்கு. வடகடல்ல அஞ்சு மைல் உள்ள போயிட்டா என்ன இருக்கு? சுத்திலும் தாம்பாளம் மாதிரி தண்ணி. நடுவுல ஒத்தையா நாப்பதடி அலுமினியக் கம்பை நட்டுக்கிட்டு ஒருத்தன். அவன் யாரு? நீதான். கடல்ல நீதான் மாப்ளே பனைமரம்.

கடல்ல கரையை விட மின்னல் குறைவுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, அது நெசந்தான். கோழிக்குஞ்சு குறைஞ்ச ஊருல பருந்தும் குறைச்சல்தான். இருக்குற ஒத்தக் குஞ்சு நீயா இருந்தா அந்தக் கணக்கு உனக்கு எதுக்கு உதவும்? இந்த நாட்டுல 2022ஆம் வருசம் மட்டும் இடி விழுந்து செத்தவங்க 2,887 பேருன்னு குற்ற ஆவணக் காப்பகம் எழுதி வச்சிருக்கு. புயலுக்குப் பேரு வைக்கிறாங்க, டிவியில மூணு நாள் காட்டுறாங்க. இடிக்குப் பேரும் இல்லை, படமும் இல்லை. ஒவ்வொரு ஆளாத் தூக்கிட்டுப் போறதால யாருக்கும் பெருசாத் தெரியலை.

ஒருக்கா விழுந்த எடத்துல மறுக்கா விழாதுன்னு சொல்லுவியே, அதையும் இப்பவே தீத்து விட்டுர்றேன். அமெரிக்காவுல ராய் சலிவன்னு ஒரு வனக்காவலர். 1942ல இருந்து 1977க்குள்ள ஏழு தடவை வாங்கியிருக்காரு. ஏழு! கின்னஸ் புத்தகத்துல பேரு ஏறிருச்சு. அவரு தலைமுடியே ரெண்டு தடவை பத்திக்கிச்சாம். உனக்கு அந்தக் கவலை இல்லை, பத்துறதுக்குத் தலையில என்ன இருக்கு? கோவிக்காத, கோவிக்காத. மொறை.

சரி, விசயத்துக்கு வர்றேன். மின்னலைத் தடுக்க முடியுமா? முடியாது. அது சூடு கிட்டத்தட்ட 30,000 டிகிரி, சூரியன் மேல்தோலை விட அஞ்சு மடங்கு. அதைப் போயி நீ கையை நீட்டி நிறுத்தப் போறியா? உன் கல்யாணப் பந்தியில நடந்தது ஞாபகம் இருக்கா? பாயாசம் வரலைன்னு உன் மாமனாரு கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சாரே, அதே கதைதான். உங்க சித்தப்பா என்ன செஞ்சான்? அடுப்படி வாசல்ல குறுக்க நின்னு "சம்பந்தி, சம்பந்தி"ன்னு மறிச்சான். என்ன ஆச்சு? அவரு அவனைத் தள்ளிட்டுப் பக்கவாட்டுல பாஞ்சாரு, ரசக் குண்டான் கவுந்துச்சு, மூணு பேருக்குக் கால் வெந்துச்சு. நான் என்ன செஞ்சேன்? நாற்காலியெல்லாம் ஒதுக்கிவிட்டு, "இப்படி வாங்க சம்பந்தி"ன்னு நேரா வாசலைக் காட்டுனேன். வாசல்ல இருந்து நேரா கடக்கரை. போனாரு, காத்து வாங்குனாரு, ஆறிப் போயித் திரும்பி வந்து ரெண்டு டம்ளர் பாயாசம் குடிச்சாரு.

மின்னலும் கோவக்காரச் சம்பந்திதான். மறிக்கக் கூடாது. வந்த வேகத்துலயே கடலுக்குப் போறதுக்கு நேர்வழி விடணும். உன் அலுமினியப் பாய்மரம் தலை வாசல், நல்ல வாசல். ஆனா பாய்மரத்தோட அடி எங்க நிக்குது? பைபர் மேல. பைபர் மின்சாரத்துக்குச் செவுரு. மேல வந்த சம்பந்தி அடியில வந்து முட்டுனா என்ன செய்வாரு? பக்கத்துல ஈரமா, மெதுவா, உப்பா யாரு உக்காந்திருக்கான்னு பாப்பாரு. நீ உக்காந்திருப்ப. உன் வழியாப் போவாரு. இல்லைன்னா படகோட அடியைப் பொத்துக்கிட்டுப் போவாரு. ரெண்டுல எது நடந்தாலும் உனக்கு ஆகாது.

அதனாலதான் பாய்மரத்து அடியில இருந்து தடிச்ச செம்புக் கம்பி இறங்கி, தண்ணிக்குள்ள இருக்குற செம்புத் தகட்டுல சேரணும். தகடு ஒரு சதுர அடியாவது இருக்கணும், கம்பி 21 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாதுன்னு அமெரிக்கப் படகுத் தரக்கட்டுப்பாட்டுல இருக்காம். உன் படகுக்கு அடியில இரும்புக் கீல் வெளிய தெரிஞ்சா அதையே தகடா வச்சுக்கலாம். முக்கியமா, கம்பி நேராப் போகணும். அழகா இருக்கட்டும்னு கட்டில் ஓரமா, அடுப்போரமா, மூலைக்கு மூலை மடிச்சுக் கொண்டு போகாத. வேகமா ஓடி வர்றவன் மூலையில திரும்ப மாட்டான், செவுத்துல மோதிக்கிட்டு நேரா பாயத்தான் பாப்பான். அதைத்தான் பக்கவாட்டு மின்னல்னு சொல்றாங்க. படகுல ஆளு சாக நேரடியா அடி வாங்கணும்னு இல்லை. பாய்மரத்துல விழுந்தது பக்கத்துல தாவினாலே போதும்.

அப்புறம், படகுல உள்ள பெரிய இரும்புச் சாமானையெல்லாம், எஞ்சின், டீசல் டாங்கு, கைப்பிடிக் கம்பி, பாய்மரத்தை இழுத்துக் கட்டுற கம்பிக்கயிறு, எல்லாத்தையும் அந்தச் செம்புக் கம்பியோட சேத்துக் கட்டிப்புடணும். ஏன்னு கேளு. பந்தியில ஒருத்தனை மேல பலகையில, ஒருத்தனைக் கீழ பாயில உக்கார வச்சா சண்டை வருமா வராதா? எல்லாரையும் ஒரே வரிசையில ஒரே பாயில உக்கார வச்சுட்டா யாரும் யாரு மேலயும் பாய மாட்டான். மின்னல் படகுல ஏறுற நேரம் இரும்பெல்லாம் ஒரே அளவுல ஏறி ஒரே அளவுல இறங்குனா நடுவுல தீப்பொறி தாவாது. அவ்வளவுதான் சூட்சுமம். இதை இஞ்சினீரு சொன்னா அஞ்சாயிரம் வாங்குவான், மாமன் ஒரு வெத்தலையோட விட்டுர்றேன்.

தகடு ஒரு சதுர அடி போதும்னு சொன்னது உப்புத் தண்ணிக்கு. இந்தப் படகை லாரியில ஏத்திக் கொடைக்கானல் ஏரிக்குக் கொண்டு போயிக் கிறுக்குத்தனம் பண்ணலாம்னு நினைச்சா, அங்க அது பத்தாது. கடத்தண்ணி மின்சாரத்துக்கு நாலுவழிச் சாலை, ஏரித்தண்ணி ஒத்தையடிப் பாதை. பாதை கெடைக்காம அங்க பக்கத்துல பக்கத்துலயே பாயும்.

இந்த வித்தை புதுசுன்னு நினைச்சியா? 1752ல அமெரிக்காவுல பெஞ்சமின் பிராங்கிளின் காத்தாடி விட்டாரே, அப்பவே இடிதாங்கி வந்துருச்சு. இங்கிலீசுக் கப்பப்படையும் வாங்கி வச்சிச்சு. எப்படி வச்சிச்சு தெரியுமா? சங்கிலியைப் பெட்டியில பூட்டி, கீழ் அறையில. மழை வந்தா எடுத்து ஏத்திக்கலாம்னு. மழை வந்தப்புறம் இருட்டுல, ஈரத்துல, ஆடுற கப்பல்ல, பாய்மரத்து மேல ஏறிச் செம்புச் சங்கிலி கட்டப் போறவன் எவன்? பிளிமத்து ஊருக்காரர் ஒருத்தர், வில்லியம் ஸ்னோ ஹாரிஸ்னு பேரு, வைத்தியம் படிச்சவரு. அவரு சொன்னாரு, "ஏத்துறதும் வேணாம், இறக்குறதும் வேணாம். பாய்மரத்தோட பாய்மரமா செம்புத் தகட்டைப் பதிச்சு அடி வரைக்கும் இறக்கிருங்க"ன்னு. 1820ல இருந்து சொன்னாரு. ஆபீசுல கோப்பு நகரவே இல்லை. நடுவுல ருசியாக்காரங்க எடுத்துக்கிட்டாங்க, சொந்த ஊருக்காரங்க யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க. டார்வின் போன பீகிள் கப்பல்ல 1831ல சோதனைக்குப் போட்டுப் பாத்தாங்க, அது அஞ்சு வருசம் உலகத்தைச் சுத்திட்டுப் பாய்மரம் முழுசாத் திரும்பி வந்துச்சு. 1847ல அவருக்கு சர் பட்டம் குடுத்தாங்க. நம்ம ஊரு பாலத்துக்கு மனு குடுத்து இருபது வருசமாச்சேன்னு நான் இனி வருத்தப்படப் போறதில்லை. வெள்ளைக்காரன் ஆபீசும் அப்படித்தான் இருந்திருக்கு.

ஆமா, உன் பாய்மரத் தலையில வெளக்கமாறு மாதிரி ஒண்ணு குத்தி வச்சிருக்கியே, அது என்ன? காக்கா விரட்டவா? ஓ, அது மின்னலை வர விடாம விரட்டுமா? எவ்வளவு குடுத்த? ம்... வேணாம், சொல்லாத, எனக்குப் பிரசர் இருக்கு. அந்தக் குச்சிமாறு மின்னலை விரட்டும்னு யாரும் நிரூபிச்சுக் காட்டலை மாப்ளே. அது வச்ச படகுலயும் விழுந்திருக்கு. வாட்சப்புல கோபுரக் கலசத்துல வரகு போட்டா இடி தாங்கும்னு ஒரு சேதி சுத்துதுல்ல, அது கூடப் பிறந்த அண்ணன்தான் இது. தலையில என்ன வச்சிருக்கன்னு மின்னல் பாக்காது, காலடியில வழி வச்சிருக்கியான்னுதான் பாக்கும். வித்த கடைக்காரன் பேரு வேணாம், அவன் நல்லா இருக்கட்டும், இந்த மாதிரி இன்னும் நாலு மருமகனுங்க கெடைச்சா வீடு கட்டிருவான்.

உன் சிநேகிதன் ரெட்டை உடம்புப் படகு வாங்கியிருக்கானாமே. கேட்டமரான்! நம்ம கட்டுமரம்தான் மாப்ளே, கப்பலேறிப் போயி, பேரு திரிஞ்சு, கோட்டு சூட்டுப் போட்டு, கோடி ரூவா விலையோட திரும்பி வந்திருக்கு. நம்ம கட்டுமரம் நாலு கட்டையைச் சேத்துக் கட்டுனது, தண்ணியோட தண்ணியாப் படுத்துக் கெடக்கும், அதுல மின்னலுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. இந்தக் கேட்டமரானுக்கு அமெரிக்கக் காப்பீட்டுக் கணக்குல சாதாரணப் பாய்ப்படகை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இடி விழுகுதாம். அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத.

எல்லாம் மாட்டிட்ட, போதுமான்னு கேட்டா, போதாது. மாட்டுனது படகைக் காப்பாத்த. உன்னையக் காப்பாத்துறது வேற ஒண்ணு. அந்த நேரம் அங்க இல்லாம இருக்கணும். சிரிக்காத. கடல்ல பொழைச்சுக் கெடந்தவன் எல்லாம் கெட்டிக்காரன் இல்லை, பயந்தவன். மேகம் எப்படி எழும்பும்னு பாத்துக்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல மதுரை, சிவகங்கைப் பக்கம் பருத்தி மூட்டையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குன மாதிரி எழும்பும். அப்புறம் தலை பரந்து கொல்லன் பட்டறைக் கல்லு மாதிரி ஆகும். அடிவயிறு கருத்து, கச்சான் காத்து திடீர்னு செத்துப் போகும். பாய் தொங்கும். உன்னைய மாதிரி ஆளுக்கு அப்ப "அடடா, என்ன அமைதி"ன்னு போட்டோ எடுக்கத் தோணும். எடுக்காத. கொஞ்ச நேரத்துல குளுந்த காத்து கன்னத்துல அறையும். அதுக்குள்ள பாயை இறக்கியிருக்கணும்.

மின்னல் பாத்த நொடி எண்ண ஆரம்பி. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு, சத்தம் வர்ற வரைக்கும். எண்ணுனதை மூணால வகுத்தா அத்தனை கிலோமீட்டரு. வெளிச்சம் உடனே வந்துரும், சத்தம் நடந்து வரும், ஒரு கிலோமீட்டர் வர மூணு நொடி. முப்பது எண்ணுறதுக்குள்ள இடிச்சா மின்னல் பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கு, உன்னைய எட்டுற தூரம். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகுற வரைக்கும் வெளிய தலை காட்டாத. மழை என் மேல விழலையே மாமான்னு வியாக்கியானம் பண்ணாத. மழை பெய்யுற எடத்துல இருந்து பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளிக்கூட நீலவானத்துல இருந்து இறங்கியிருக்கு. தொரத்துனா ஓடிருவேன்னும் சொல்லாத. உன் படகு மணிக்கு ஒம்பது கிலோமீட்டர் ஓடும், அதுவும் காத்து உன் பேச்சைக் கேட்டா. மேகம் முப்பது நாப்பதுன்னு வரும். ஆமை முயலை ஜெயிச்சது கதையில.

புனே வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்துல தாமினின்னு ஒரு ஆப் வச்சிருக்காங்க, 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துல மின்னல் இருந்தாச் சொல்லும். வச்சுக்க. ஆனா கரை மறைஞ்சா சிக்னலும் மறையும். என்கிட்ட இருக்குற இந்தப் பழைய ரேடியோ பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. மீடியம் வேவுல பாட்டு ஓடிக்கிட்டிருக்கும். நடுவுல கரக்னு ஒரு சத்தம் வந்தா எங்கயோ வெட்டுதுன்னு அர்த்தம். கரக்கு, கரக்குன்னு நெருங்க ஆரம்பிச்சா நான் பாட்டை நிறுத்திட்டுக் கரையைப் பாக்கத் திருப்பிருவேன். எப்.எம்.ல இந்தக் கரகரப்பு வராது. புதுசுல கேக்காத சேதி பழசுல கேக்கும், என்னைய மாதிரி.

எல்லாத்தையும் மீறி நடுக்கடல்ல மாட்டிக்கிட்டியா? பாயை இறக்கு, தூண்டில் கம்பு, ஆண்டெனா எல்லாத்தையும் படுக்கப் போடு. உள்ள போயி நடுவுல, பாய்மரத்துக்கும் கம்பிக்கயிறுக்கும் ஆறடி தள்ளி, காலைச் சேத்து வச்சு உக்காரு. ரெண்டு கையால ரெண்டு இரும்பைப் பிடிக்காத. ஒரு கையில சுக்கானும் ஒரு கையில கம்பியும் பிடிச்சேன்னு வை, சம்பந்திக்கு நீயே பாலம். வெளிய இருக்கத்தான் வேணும்னா ஒத்தக் கையை மடியில வச்சுக்க, குனிஞ்சு இரு. மாமியா போட்ட அந்தப் பத்துப் பவுன் சங்கிலியைக் கழட்டு. அது மின்னலை இழுக்காது, ஆனா மின்சாரம் மேல ஓடுனா தோலோட ஒட்டி வெந்துரும். அப்புறம் அடகு வைக்கவும் முடியாது. பயந்து தண்ணியில மட்டும் குதிச்சிராத. மின்னல் தண்ணி மேல்பரப்புலதான் பரவும். மீனு அடியில இருக்குறதால பொழைக்குது, நீ மேல தலையை நீட்டிக்கிட்டு மிதப்ப.

போனு, கையில வச்சுக்குற ஜிபிஎஸ்ஸு, வயர்லெஸ்ஸு எல்லாத்தையும் குக்கருக்குள்ள போட்டு மூடு. ஆமா, சோறு வடிக்கிற குக்கர்தான். சுத்திலும் உலோகம் இருந்தா மின்னல் வெளித்தோலோட ஓடிரும், உள்ள போகாது. மேல்நாட்டுப் படகுக்காரங்க இதுக்கு அடுப்புப் பெட்டியைப் பயன்படுத்துறாங்க. பசி மயக்கத்துல அடுப்பைப் பத்த வச்சிராத. உன் பொண்டாட்டி ஒருக்கா உன் போனோட சேத்துத் துணி துவைச்சாள்ல, அந்த ராசி உங்க வீட்டுல இருக்கு.

விழுந்துட்டா, மொதல்ல ஆளைப் பாரு, அடுத்து படகோட அடியைப் பாரு. பைபர்ல ஊசிமுனை ஓட்டையா நிறைய விழுந்திருக்கும், தண்ணிக் குழாய் வாயெல்லாம் பிச்சுக்கிட்டிருக்கும். மேல எல்லாம் நல்லா இருக்குன்னு பாட்டுப் பாடிக்கிட்டே முழுகுனவன் உண்டு. திசைகாட்டியை நம்பாத. மின்னல் அதுக்கும் கிறுக்குப் பிடிக்க வச்சிருக்கும்.

ஒரு தரம், எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். எங்க அப்பாவோட வத்தையில ராத்திரி வலைக்குப் போயிருந்தோம். காத்து இல்லை. பாய்மரத் தலையில நீலமா ஒரு வெளிச்சம். தீயும் இல்லை, விளக்கும் இல்லை, புஸ்ஸுன்னு பாம்பு மாதிரி ஒரு சீத்தம். நான் "அப்பா, சாமி வந்திருக்கு"ன்னு கத்துனேன். ஐரோப்பாக் கப்பக்காரங்களும் அதைச் சாமின்னுதான் சொன்னாங்களாம். எல்மோ புனிதர் நெருப்புன்னு பேரு. கடலோடிகளுக்குக் காவல் புனிதர் அவரு. எங்க அப்பாவுக்கு அந்தப் புனிதரைத் தெரியாது. ஆனா அந்த வெளிச்சம் வந்தா மேகம் குறி பாத்துருச்சுன்னு தெரியும். பருமல் கம்போட பாயைப் பொத்துன்னு இறக்கி, என்னைய முன்பக்க அணியத்துல தள்ளிப் படுக்கப் போட்டாரு. எங்களுக்குத் தப்பிச்சுது. கூப்பிடு தூரத்துல இருந்த இன்னொரு வத்தைக்குத் தப்பலை. நனைஞ்ச மரக்கம்பு, உள்ள இருந்த ஈரம் ஒரே நொடியில ஆவியாகி, பனையைக் கோடாலியால பொளந்த மாதிரி மேல இருந்து அடி வரைக்கும் பொளந்துருச்சு. பாய்மரத்துல சாஞ்சு நின்னது எங்க பெரியப்பா மகன். அண்ணன்.

இந்த எடத்துல மட்டும் எனக்குக் கேலி வராது மாப்ளே.

அவனுக்கு உடம்புல பெரிய காயம் இல்லை. மார்புல பெரணி இலை மாதிரி சிவப்பா ஒரு கோடு. மூச்சு இல்லை. கூட இருந்த மூணு பேரும் தொடலை. தொட்டா நமக்கும் அடிக்கும், உடம்புல கரண்டு இருக்கும்னு அப்ப எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தோம். கரை வர ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரமும் அவன் பக்கத்துல உக்காந்து அழுதாங்க, ஒருத்தனும் கையை வைக்கலை. இடி வாங்குனவன் உடம்புல கரண்டு தங்காதுன்னு எனக்கு அம்பது வயசுக்கு மேலதான் தெரிஞ்சுது. நெஞ்சு நின்னு போகுது, மூச்சு நின்னு போகுது, உடனே அமுக்குனா திரும்பக்கூடும். அமெரிக்கக் கணக்குல இடி வாங்குன பத்துப் பேருல ஒம்பது பேரு பொழைக்கிறாங்க. நெஞ்சுக்கூட்டுக்கு நடுவுல ரெண்டு கையையும் வச்சு, ரெண்டு அங்குலம் இறங்குற மாதிரி, நிமிசத்துக்கு நூறுல இருந்து நூத்தியிருபது தடவை அமுக்கணும். தெரிஞ்சா நடுநடுவுல வாயில ஊதணும். கை ஓயுற வரைக்கும். வயர்லெஸ்ல 16ஆம் சானல்ல கூப்பிடு, போனு எடுத்தா கடலோரக் காவல்படைக்கு 1554, கரைக்கு வந்தா 108.

தனியாப் போறேன்னு சொல்றியே. இடி உன் மேல விழுந்தா உன் நெஞ்சை யாரு அமுக்குவா? அந்தக் குக்கரா?

அதனால இப்படிச் செய்யி. என் மூத்தவன் கூட வர்றான், அவன் பதினாறு வயசுல இருந்து பாயோட தாமான் கயிறு பிடிக்கிறவன், போன வருசம் பஞ்சாயத்து ஆபீசுல நெஞ்சமுக்குற பயிற்சிக்கும் போயி வந்தான். ரெண்டு பேரும் வெள்ளி முளைக்கிறப்பவே கிளம்புங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு முன்னாடி தேவிபட்டினமோ மண்டபமோ, எது கிட்டத்துல இருக்கோ அங்க கரையைப் பிடிச்சிருங்க. மிச்சம் மறுநாள். பாம்பன் எங்கயும் போயிராது, நூறு வருசத்துக்கு மேல பழைய பாலம் நின்ன எடத்துக்குப் பக்கத்துல இப்பப் புதுசும் நிக்குது. அந்தச் செம்புத் தகடு போடுறதுக்குப் பட்டறைக்காரன்கிட்ட நானே பேசுறேன், உன் மூஞ்சியைக் காட்டுனா மூணு மடங்கு கேப்பான்.

என்ன அங்க பாக்குற? ஆமா, மேக்க வெட்டுது. நானும் பாத்தேன். வாயை மூடிக்கிட்டு எண்ணு.

எத்தனை? பதினெட்டா? அப்ப ஆறு கிலோமீட்டரு. பலகையை எடுத்துக்கிட்டு உள்ள வா மாப்ளே, உங்கத்தை பாயாசம் வச்சிருக்கா. உன் மாமனாருக்குச் சொல்லிறாத.